ஊரிலிருந்து கேட்கும் ஒருவர்

எங்கள் பழுது திருத்துநர் சங்கம் ஆண்டு மலர் ஒன்று போடப்போகிறதாம். போன் திருத்தும் தம்பிமார் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, அண்ணன் முறை வைத்து, "காக்கா, ரிட்டயரானவங்க அனுபவம் ஒண்டு எழுதித் தரணும்" என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுதினால் யாராவது மனம் நொந்துபோவார்களோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் பெருமைக்காரன் என்பார்களோ என்று இன்னொரு பயம். இரண்டு பயத்தில் சின்னதைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கடைசிப் பகுதியைத் தவிர மற்றதையெல்லாம் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன்.

கல்முனை பசாரில் ஒரு றேடியோக் கடையில்தான் என் தொழில் தொடங்கியது. முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூசி தட்டினேன், தேநீர் வாங்கி வந்தேன், ஈயம் உருக்கப் பழகினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன். பிறகு ஒருநாள் முதலாளி ஒரு செட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். அன்றிலிருந்து நான் திருத்துகிறவன்.

முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்போம். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். நாம் திருத்திக் கொடுத்த செட் மறுபடியும் பழுதென்று திரும்பி வந்தால், யார் செய்தது என்று கேட்கமாட்டார். செட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீயோடு உட்கார்ந்துவிடுவார். நாம் பழுதைக் கண்டுபிடிக்கும்வரை எழும்பமாட்டார். திட்டு வாங்குவது இதைவிட லேசு என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். என்னைப் போலப் பயந்த ஆளுக்கு அந்த மௌனம் போதும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. வேறு எந்தக் கடையிலும் நான் அதைக் கண்டதில்லை. திருத்திய செட்டை வாடிக்கையாளர் வந்து எடுத்துப்போகக் கூடாது. நாமே வீட்டுக்குக் கொண்டுபோய், அது வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்து, வீட்டுக்காரர் வழக்கமாக உட்காரும் இடத்தில் நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"கடையில கேட்டா எல்லாச் செட்டும் நல்லாத்தான் கேக்கும்" என்பார். "கேக்கிற ஆள்ர கதிரையில குந்திக் கேளு. அங்க கேட்டாத்தான் அது றேடியோ."

இதன் அர்த்தம் எனக்கு விளங்கியது மருதமுனையில். கைத்தறி நெய்கிற, எனக்கு அக்கா முறையான ஒரு ராத்தாவின் செட் மூன்று தரம் கடைக்கு வந்தது. கடையில் சுத்தமாகப் பாடும். வீட்டுக்குப் போனால் "ஆள் கதைக்கிறது வெளங்குதில்ல" என்று திரும்பி வரும். நான் உள்ளே உள்ள எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். மூன்றாம் தரம் ஹாஜியார் கதிரையை இழுக்கவில்லை. "நீ அவட கதிரையில குந்தினயா?" என்று மட்டும் கேட்டார்.

நான் குந்தவில்லை. பெண்பிள்ளை நெய்கிற தறியில் போய் எப்படி உட்காருவது என்று கூச்சப்பட்டு, வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

மறுபடி போனேன். ராத்தாவைத் தள்ளி நிற்கச் சொல்லி, அவருடைய மகனைத் தறியில் மிதிக்கச் சொல்லி, பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். உடனே பழுது பிடிபட்டது. தறிச் சத்தம் வந்து விழுகிற அதே உயரத்தில், அதே பக்கத்திலிருந்து றேடியோவும் கதைத்தது. சொற்கள் எல்லாம் மிதியடியில் அரைபட்டுப்போயின. செட்டைத் தூக்கி எதிர்ச் சுவரில், தலைக்கு மேலே ஒரு பலகையில் வைத்தேன். அவ்வளவுதான் வேலை.

"இதுக்கா ராசா மூணு தரம் கழட்டின?" என்றார் ராத்தா. "றேடியோக்கும் வாயிருந்தா உனக்கு ஏசியிருக்கும்."

ஹாஜியார் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அவருடைய மகன் கடையைப் போன் கடையாக மாற்றினார். என்னை விடவில்லை. சுனாமிக் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு உப்பேறிய செட்டுகள் கொஞ்சக் காலம் குவிந்தன. பிறகு அதுவும் நின்றது. நான் வீட்டுக்கு அனுப்பப்படுவேன் என்று ஒவ்வொரு மாதமும் பயந்துகொண்டிருந்தபோதுதான் இன்டர்நெட் றேடியோ வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வைஃபை எடுத்துக் கொடுத்தார்கள். வயதானவர்கள் "எனக்குப் படம் வேணா, கேக்கிறதுக்கு ஒண்டு போதும்" என்றார்கள். சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். "காக்கா, இது உங்கட ஆக்கள். நீங்க போங்க." அப்படித்தான் என் தொழிலின் கடைசி வருடங்களில் வீடு வீடாகப் போனேன்.

இந்த வேலையைச் சின்னதாக நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு பழைய போன், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், வீட்டு ரூட்டர் - சாமான் இவ்வளவுதான். ஆனால் போன் தன் பற்றரியைக் காப்பாற்றுவதற்காகப் பாடுகிற அப்பை இடையில் நிறுத்திவிடும். செற்றிங்கில் போய், இதை மட்டும் நிறுத்தாதே என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வட்ஸ்அப் சத்தத்தை அடக்க வேண்டும். இல்லாவிட்டால் குர்ஆன் கிராஅத் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் வாத்து கத்தியது போல ஒன்று கேட்கும். இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ரூட்டர் இருந்தால் அந்த அறைக்கு ஒன்றும் போய்ச் சேராது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டில் இரும்பு அலுமாரி இல்லாமல் இருக்காது. எல்லாம் முடிந்த பிறகு நான் கதிரையைத் தேடுவேன். "நீங்க எங்க இருந்து கேப்பீங்க?" என்று கேட்டு, அங்கே உட்கார்ந்து பார்ப்பேன்.

இவ்வளவும் செய்தாலும் பாதி வழியில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பிளக்கைச் சரியாக அழுத்தினேனா? சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். என் மனைவி ஹயாத்தாய், உயிரோடு இருந்த காலத்தில் சொல்வார்: "உங்கட தலைக்குள்ள ஒரு ஸ்டேசன் எந்நேரமும் போயிக்கிட்டுத்தான் இரிக்கி. அத நிப்பாட்ட சுவிட்ச் இல்ல." அவர் போன பிறகு அந்த ஸ்டேசனை இரவும் பகலும் நான் ஒருவனே கேட்கிறேன். மகளும் மருமகனும் சவூதியில். மகளுக்குக் கொடுத்த வீட்டை நான் காவல் காக்கிறேன்.

இனி, நான் செய்த வேலைகளிலேயே கடினமான வேலைக்கு வருகிறேன்.

சாய்ந்தமருதில் ஆதம்லெவ்வை காக்கா என்று ஒருவர். வள்ளம் வைத்திருந்தவர், பிறகு முழங்கால் விட்டுவிட்டது. அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டார். மகள் கல்யாணம் முடித்து, மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்காகப் பொத்துவிலில் இருக்கிறார். வீட்டில் வாப்பா தனியாக.

"மாமா, வாப்பா றேடியோ கேக்கணுமாம். காக்கா கதைக்கிற றேடியோ."

காக்கா என்று அவர் சொன்னது தன் மூத்த சகோதரன் றிஸ்வியை. றிஸ்வி கட்டாரில் ட்ரைவர். அங்கே இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து பொழுதுபோக்காக ஒரு இன்டர்நெட் றேடியோ நடத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு. நமக்கு மாலை அசர் தொழுது முடிகிற நேரம் றிஸ்வியின் நிகழ்ச்சி தொடங்கும். ஊரில் என்ன மீன் பட்டது, எந்த வயற்கண்டத்தில் அறுவடை, யார் மௌத்து, எத்தனை மணிக்கு ஜனாஸா நல்லடக்கம் என்று போனில் விசாரித்து வைத்து வாசிப்பான். இடையில் ஒரு கஸீதாப் பாட்டு. அங்கே றூமில் சமைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான் கேட்பார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஊர்ச் செய்தி எதற்கு?

வாப்பாவுக்கும் மகனுக்கும் கதை பேச்சு இல்லை. அது ஊருக்கே தெரியும். றிஸ்வியின் உம்மா ஒரு காலையில் மௌத்தானார். மகன் அங்கிருந்து போன் எடுத்து, "வெச்சிரிங்க வாப்பா, ப்ளேன் ஏறிட்டன், நாளைக்கி வந்திருவன்" என்றான். நம் பக்கம் மையித்தை, அதுதான் உடலை, வைத்திருப்பதில்லை. அசருக்கு அடக்கிவிட்டார்கள். மகன் வந்து இறங்கியபோது கபுறில் மண் ஈரமாக இருந்தது. "என்ட உம்மாட முகத்த எனக்குக் காட்டாம மூடிட்டீங்க" என்றான். வாப்பா, "மையித்து உனக்காகக் காத்துக்கிட்டு இரிக்காது" என்றார். மறுநாளே அவன் திரும்பிப் போய்விட்டான். வருடங்கள் போயின. தங்கையோடு கதைப்பான். வாப்பாவோடு இல்லை. வாப்பாவும் போனைக் கையில் எடுக்கமாட்டார்.

நான் சாமான்களோடு போனபோது ஆதம்லெவ்வை காக்கா முன் அறையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ரூட்டர் லைட்டைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"தம்பி, ஒரு கதை. நான் கேக்கிறது அவனுக்குத் தெரியக் கூடா."

"றேடியோதானே காக்கா. கேக்கிற ஆள யாருக்குத் தெரியும்?"

"அல்லாட மேல செல்லு" என்று என்னிடம் சத்தியம் கேட்டார்.

"அல்லாட மேல என்னத்துக்கு? காத்துல வாறத ஆரு கேக்கிற எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஆயுள் முழுக்க றேடியோவோடு வாழ்ந்தவன் அப்படித்தான் சொல்வான். றேடியோ எல்லாருக்கும் கதைக்கும், யாரையும் பார்க்காது. அதுதான் அதன் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

போனையும் ஸ்பீக்கரையும் இணைத்தேன். ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீசில் 'கனெக்டட்' என்றது.

காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆருடா இந்தப் பொம்புள?"

"அது செட்டுக்குள்ள இரிக்கிறது காக்கா. சேர்ந்துட்டன் எண்டு செல்லுது."

"சேர்ந்துட்டாவா? பொண்டாட்டி மௌத்தான வீட்டுக்குள்ள பொம்புளக் குரல் கேட்டா ஊர் என்ன செல்லும்? மெதுவாச் செல்லச் செல்லு."

அன்று அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை. முழங்கால் வலி. எழும்பச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. போனை ஜன்னல் பலகையில், முகம் தெருவைப் பார்க்க வைத்தேன். அங்கேதான் வைஃபை நன்றாக வந்தது. பக்கத்தில் நின்று கேட்டேன், நன்றாகத்தான் கேட்டது. ஹாஜியாரின் முறையை அன்று முடிக்காமல் வந்தேன்.

அடுத்த வெள்ளி, வேலை சரியாக இருக்கிறதா என்ற யோசனையில், என் வீட்டில் என் போனில் அதே நிலையத்தைத் திறந்தேன். றிஸ்வியின் குரல் வந்தது. வாப்பாவின் குரலேதான், கொஞ்சம் இளமை. அப்போதுதான் திரையின் அடியில் ஒரு வரியைக் கண்டேன். 'இப்போது கேட்பவர்கள்' என்று இருந்தது. அதற்குக் கீழே நாடுகளின் பெயர், பக்கத்தில் எண்கள். கட்டார், சவூதி, குவைத். கடைசியில் இலங்கை, இரண்டு.

 நிலையத்தை நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து, பாடவிடாமல் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தேன். இலங்கை, ஒன்று.

இந்த றேடியோ பார்க்கிறது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு, ஊரில் ஒருவர் கேட்கிறார் என்று தெரியும். தங்கை பொத்துவிலில் கேட்பதில்லை, அவரே அப்படிச் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அந்த ஒருவர் யாரென்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொன்னால் காக்கா ஸ்பீக்கரைத் தூக்கி வெளியே வீசிவிடுவார். வாப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் மிஞ்சியிருந்த ஒரே நூல் அறுந்துபோகும். சொல்லாவிட்டால் நான் சொன்ன வார்த்தை பொய்யாகிப்போகும். இந்த எண்ணை மறைக்க வழி உண்டா என்று சின்ன முதலாளியிடம் கேட்டேன். "ஏன் காக்கா மறைக்கணும்? கேக்கிற ஆள் இரிக்கி எண்டு தெரிஞ்சாத்தானே கதைக்கிற ஆளுக்கு மனசு வரும்?" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து சைக்கிளை எடுத்தேன். வாசல் கதவு வெளியே கொளுவிப் பூட்டியிருந்தது. உள்ளே றிஸ்வி கதைத்துக்கொண்டிருந்தான். நிந்தவூரில் கீரி மீன் பட்ட செய்தி. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அறையில் யாருமில்லை. சாய்மனைக் கதிரை காலி.

கொஞ்ச நேரத்தில் காக்கா தடியை ஊன்றிக்கொண்டு கடைப் பக்கமிருந்து வந்தார். கையில் ஒரு பை பேக்கரிப் பாண்.

"என்ன தம்பி, களவெடுக்கவா பாக்கிற?"

"வெளிய போறதெண்டா நிப்பாட்டிட்டுப் போகல்லாமே காக்கா. ஆருக்குப் பாடுது?"

"சுவருக்கு" என்றார். "சுவரும் கேக்கட்டும். உனக்கென்ன, கரண்ட் பில் நீயா கட்டுற?"

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வயதான மனிதர், நிறுத்த மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். கண் மங்கிவிட்டது, சின்னத் திருகாணி தெரிவதில்லை. ஓய்வு என்று சொல்கிறார்கள். எனக்கு அது, எந்த வீட்டுக்கும் போகத் தேவையில்லாத காலை என்றுதான் விளங்கியது.

ஒரு வியாழக்கிழமை பொத்துவில் மகள் போன் எடுத்தார். அழுதுகொண்டு கதைத்தார். வாப்பாவுக்கு நெஞ்சு நோவு, கல்முனை ஆஸ்பத்திரியில் வாட்டில் போட்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை கூட நிற்கிறார், தான் சின்னப் பிள்ளையோடு வெள்ளி பின்னேரம்தான் வந்து சேரலாம் என்றார். "றிஸ்விக் காக்காக்குச் செல்ல வேணா எண்டு வாப்பா சத்தியம் வாங்கிட்டார் மாமா. நீங்களும் செல்லிராதீங்க."

நான் உடனே வாட்டுக்குப் போனேன். காக்கா சுருங்கிப்போய்க் கிடந்தார். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தார்.

"நாளைக்கி வெள்ளி. போய்ப் போட்டுவிடு."

"நீங்க இல்லாத வீட்டுல என்னத்துக்கு காக்கா?"

"போட்டுவிடு எண்டா போட்டுவிடு. கேள்வி கேக்காத. டொக்டருக்கே நான் மறுமொழி செல்லல்ல."

வெள்ளி, அசர் தொழுகை முடிந்ததும் போய்க் கதவைத் திறந்தேன். போனை ஜன்னல் பலகையில் தேடினேன். அங்கே இல்லை. ஒரு சின்ன முக்காலியில், கதிரைக்கு எதிரே இருந்தது. நிலையத்தைப் போட்டேன். 'கனெக்டட்' என்றது அந்தப் பெண் குரல். காலி வீட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. சலாம் சொல்லி றிஸ்வி தொடங்கினான்.

அன்று செய்யாமல் விட்ட வேலை ஞாபகம் வந்தது. போய்ச் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தேன்.

குரல் நன்றாகக் கேட்டது. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்தால் கண் நேராகப் போய் விழுவது போனின் திரையில். முக்காலியின் உயரம், போனின் சாய்வு, அடியில் கொடுத்திருந்த சிரட்டைத் துண்டு எல்லாம் அதற்காகவே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. திரையில் பெரிதாகத் தெரிந்தது அந்த ஒரே வரி: இலங்கை, ஒன்று.

காக்காவுக்கு எல்லாம் தெரியும். கடைக்குப் போகும்போது நிறுத்தாமல் போனது மறதியால் அல்ல. மகன் பார்க்கிறான் என்பதற்காகவே அந்த ஒன்றைக் குறையவிடாமல் வைத்திருந்தார். வாயால் ஒரு சொல் கதைக்காமல், கிழமைக்கு ஒரு தரம் மகனுக்கு, நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதை மறைக்கப் பயந்து அலைந்தேனோ, அதைக் கொண்டுதான் அவர் வாழ்ந்திருக்கிறார்.

இதை நான் நினைத்து முடிக்கவில்லை. மேலே காற்றாடி தளர்ந்தது. ரூட்டரின் பச்சை லைட் அணைந்தது. கரண்ட் போய்விட்டது.

இன்டர்நெட் றேடியோ உடனே நிற்காது. போன் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் சொற்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். றிஸ்வி அந்த மிச்சத்தில் கதைத்தான். "பாண்டிருப்புப் பக்கம் இண்டைக்கு நல்ல மழை எண்டு..." என்றான். பிறகு இல்லை. வீடு அப்படியே அமைதியாகிவிட்டது.

 அங்கே அவன் திரையில் இலங்கை இல்லாமல் போயிருக்கும். ஒரு வெள்ளியும் குறையாத ஒன்று. காக்காவின் போனில் சிம் இல்லை, வைஃபை மட்டும்தான். என் போனை எடுத்து டேட்டாவைப் போட்டேன். கரண்ட் போனால் ஊரே டேட்டாவுக்குப் பாயும், ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் என்னவெல்லாமோ ஓதினேன். வட்டம் நிற்பதற்குள் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"மாமா, றிஸ்வி. தங்கச்சிதான் உங்கட நம்பரத் தந்தவ. கஸீதா ஒண்டப் போட்டுட்டு எடுக்கிறன். வாப்பாக்கு என்ன?"

 சொல்லக் கூடாது என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லவும் எனக்கு வராது.

"மாமா, தங்கச்சி எடுத்தாலும் கதை வெளங்குதில்ல. பஸ்ஸுக்குள்ள சத்தம் கேக்குது, மறுகா கட்டாகுது. செல்லுங்க. வாப்பா இரிக்காரா?"

"இரிக்கார் மனே. அல்லாக்காக. இரிக்கார். நான் அவர்கிட்டத்தான் போறன். கஸீதா முடிய எடுங்க, அவர்ர கையில குடுக்கிறன்."

"அவர் எடுக்கமாட்டார்."

"எடுங்க நீங்க."

ஆட்டோ பிடித்தேன். வழி நெடுக என் தலைக்குள் ஸ்டேசன் முழுச் சத்தத்தில் போனது. நெஞ்சு நோவுக்காரர், மகனின் குரலைத் திடீரென்று கேட்டு ஏதாவது ஆகிவிட்டால்? கேட்காமலே ஏதாவது ஆகிவிட்டால்? வாட்டுக்குள் பார்வையாளர்கள் நிறைந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் காக்காவின் முகம் கறுத்தது.

"ஏன் வந்த? போட்டுவிட்டுட்டு வீட்டுல இரிக்கச் சென்னன்தானே?"

"கரண்ட் போயிட்டு காக்கா."

அவர் கண்ணை மூடினார். நான் சொல்ல வேண்டியதே இல்லை, அங்கே என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் கையில் போன் அடிக்கத் தொடங்கியது. நீட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து நின்றது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தது.

காக்கா கையை நீட்டினார். போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மகன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. இவர் தொண்டையைச் செருமினார்.

"கரண்ட் போயிட்டு மனே. அதான்."

நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். உள்ளே அவர் "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஓம்". பிறகு, "சாப்பிட்டயா?" என்றார்.

அல்லாஹ்வின் உதவியால் காக்கா சுகமாகி வீட்டுக்கு வந்தார். மகன் லீவு எடுத்து வந்து ஒரு மாதம் நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து உம்மாவின் கபுறடிக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். இதுவரை எழுதியதைத்தான் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "பேரப் போடாத. அந்தப் பொம்புளக் கதைய எடுத்துரு" என்றார். எடுக்கவில்லை, மன்னிக்க வேண்டும்.

இனி அவருக்கு வாசித்துக் காட்டாத பகுதி.

இப்போது வாப்பாவும் மகனும் வெள்ளிக்கிழமைகளில் போனில் கதைக்கிறார்கள். அங்கே ஜும்ஆத் தொழுகை முடிந்து தொடங்கினால் இங்கே அசர்வரை கதை. வீடியோவில் முழங்காலைக் காட்டுகிறாராம். கதைத்து முடிந்ததும் காக்கா களைத்துத் தூங்கிவிடுகிறார். றேடியோ போடுவதில்லை. மகனோடு நேரடியாகக் கதைக்கிற மனிதருக்கு றேடியோ எதற்கு? முக்காலியில் இப்போது மருந்துப் போத்தல்கள்தான்.

இதை நான் கண்டது தற்செயலாக. ஒரு வெள்ளி என் வீட்டில், பாடவிடாமல் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தேன். கட்டார், சவூதி, குவைத். இலங்கை இல்லை.

றிஸ்வி அங்கே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, இல்லாத அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. நிலையத்தைப் போட்டேன். இலங்கை, ஒன்று. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் மாறியது. "ஊரிலருந்து கேட்டுக்கொண்டிரிக்கிற என்ட வாப்பாக்கும் சலாம்" என்றான். ஒவ்வொரு வெள்ளியும் இப்படிச் சொல்கிறான். அவர்கள் போனில் கதைக்கும்போது இதைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் இந்த முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருக்கும்.

அந்தச் சலாமுக்கு நான்தான் பதில் சொல்கிறேன், வாய்விட்டு, காலி வீட்டில். அது எனக்கு உரிய சலாமா என்ற கவலை இருக்கிறது. நிறுத்தினால் அவன் பயந்துபோவானோ என்ற கவலையும் இருக்கிறது. அதனால் அசர் தொழுதுவிட்டு வெளியே எங்கும் போவதில்லை. கரண்ட் போனாலும் நிற்காதபடி ரூட்டருக்கு ஒரு பற்றரி வாங்கி வைத்துவிட்டேன். என் மனைவி உட்கார்ந்திருந்த கதிரையில் ஸ்பீக்கர், எதிர்க் கதிரையில் நான்.

மலர் கட்டாருக்கெல்லாம் போகாது என்று தம்பிமார் சொல்கிறார்கள். போகாமலே இருக்கட்டும். எப்படியாவது போய்ச் சேர்ந்து நீ இதை வாசிக்க நேர்ந்தால், றிஸ்வி, மாமாவோடு கோபித்துக்கொள்ளாதே. அந்த ஒன்று உன் வாப்பா இல்லை. ஆனால் அது பொய்யும் இல்லை. நீ தொடங்குவதற்கு முன்பே கதிரையில் வந்து உட்கார்ந்து, நீ முடிக்கும்வரை எழும்பாமல், ஊரில் ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.